பள்ளி என்னும் சொல்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுகிறோம். அன்று சொல்லுக்குப் பொருள் எழுதும் பயிற்சி. "பள்ளி" என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதுமாறு பிள்ளைகளிடம் கூறினோம். எல்லாரும் "படிக்கும் இடம்" என்று எழுதினர். ஒரு சிறுவன் மட்டும் "வீடுகள் இருக்கும் இடம்" என்று எழுதியிருந்தான். தவறு என்று சிவப்பு மையால் கோடிட்டோம். சிறுவன் விடவில்லை. "எங்கள் தெருவுக்குப் பெயரே பல்லிதானே, மாமா? அங்கே பள்ளிக்கூடம் ஒன்றும் கிடையாதே!" என்றான்.

அவன் குடும்பம் இரயில்வே குடியிருப்புக்கு வெளியே, வங்காளியர் வாழும் பகுதியில் வாடகைக்கு இருக்கிறது. அப்பகுதியின் பெயர் "பல்லி" என்றே முடிகிறது. வங்காளியர் அதனைப் "பொல்லி" என்பதுபோல ஒலிப்பர். ஊர், குடியிருப்பு என்பது அவர்கள் மொழியில் அதற்குப் பொருள். மற்றப் பிள்ளைகள் சுவரில் ஊரும் பல்லியைக் காட்டிச் சிரித்தனர். நாமும் சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றோம்.

ஆயினும் அன்றிரவு மனம் அமைதியுறவில்லை. சங்க நூலகத்தின் அகராதியைப் புரட்டினோம். சிறுவன் எழுதியது பிழையன்று, நாம் இட்ட சிவப்புக் கோடே பிழை என்பது விளங்கிற்று. அதன்பின் ஓய்வு கிடைத்த போதெல்லாம் அச்சொல்லைத் தேடலானோம். நாம் மொழியாராய்ச்சியாளர் அல்லோம். கணக்குப் பதிவேடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். எனினும் ஒரு பதிவேட்டில் பழைய இருப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடும் பழக்கம் இவ்விடத்தில் பயன்பட்டது. அவ்வாறு தேடிக் கண்டவற்றை இவ்வாண்டு மலரில் அன்பர்கள்முன் வைக்கிறோம். சொல்லின் வரலாற்றை அறியும் இன்பத்திற்காக மட்டும் இதனை எழுதவில்லை. நம் தமிழ் வகுப்பைப் பற்றிப் பொதுக்குழுவில் எழுந்து, இன்னும் முடிவு காணாதிருக்கும் ஒரு வினாவிற்கு இச்சொல்லில் விடை இருக்கிறது என்று கருதுகிறோம்.

அகராதி கூறுவது

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, பள்ளி என்பதற்குப் பல பொருள்களை அடுக்குகிறது. இடம், சிற்றூர், இடையர் சேரி, முனிவர் உறைவிடம், சமண பௌத்தக் கோயில், அரசன் மனை, பணிசெய்யும் களம், மக்கள் படுக்கை, விலங்கு துயிலுமிடம், உறக்கம், அறை, கல்வி பயிலும் கூடம் ஆகியன அவற்றுள் சில.

முதற்பார்வைக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். துறவியின் குகை எங்கே, இடையனின் குடிசை எங்கே? உறக்கம் எங்கே, கல்வி எங்கே? வகுப்பில் உறங்கும் மாணவனைத் தவிர இவ்விரண்டையும் இணைப்பவர் யார் என்று கேட்கத் தோன்றும். ஆயினும் சற்றே எண்ணினால் இவை அனைத்திற்கும் அடியில் ஒரே கருத்து ஓடுவதைக் காணலாம். மனிதன் அலைச்சலை நிறுத்தித் தங்கும் இடம் எதுவோ அது பள்ளி. தங்கிய இடத்தில் உடல் சாய்ப்பான். ஆகவே அது படுக்கை. பலர் கூடித் தங்கினால் ஊர். துறவி தங்கினால் தவச்சாலை. தொழில் நடந்தால் பணிக்களம். கோயிலில் அமுது சமைக்கும் இடத்தை மடைப்பள்ளி என்கிறோம் அல்லவா? மடை என்பது சமைத்த சோறு. அது சமையும் இடம் மடைப்பள்ளி. ஆகவே அடுக்களையில் நிற்கும் நம் தாய்மார்களும், இரயில்வே பட்டறையில் உழைக்கும் நம் தோழர்களும் ஒவ்வொரு வகையில் பள்ளியிலேதான் இருக்கின்றனர்.

கல்லிலே ஒரு படுக்கை

இச்சொல் எழுத்தில் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளம் மலை. அங்குள்ள குகைகளில் பாறையைச் சமன்செய்து வெட்டிய படுக்கைகள் உள்ளன. அவற்றின் அருகே பழந்தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவை எம்மொழி என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1924ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் இவற்றை முழுமையாக ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். மாங்குளத்து எழுத்துகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டின என்பது அவர் துணிபு.

அக்கல்வெட்டுகள் கூறும் செய்தி எளியது. நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் அலுவலனான கடலன் வழுதி என்பவன், கணி நந்தன் என்னும் துறவிக்காக அப்பள்ளியை வெட்டுவித்தான். வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவினரும் அங்கே கொடையளித்துள்ளனர். அரசாங்க ஊழியன் ஒருவனும் வணிகர் சிலரும் சேர்ந்து, ஊரூராய்த் திரியும் துறவிக்கு மழைக்காலத்தில் தலைசாய்க்க ஓர் இடம் செய்து கொடுத்தனர் என்பதே இதன் சாரம். தமிழகத்துக் குகைகள் பலவற்றில், தலைப்பக்கம் சற்று உயர்த்தித் தலையணைபோலச் செதுக்கிய கற்படுக்கைகளை இன்றும் காணலாம். துறவிக்கும் தலையணை வேண்டும் என்று எண்ணிய கல்தச்சனின் மனம் பெரிது!

1981ஆம் ஆண்டில் திருக்கோவலூர்ப் பக்கத்திலுள்ள ஜம்பை என்னும் ஊரில் மற்றொரு பழங்கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடத்தை அது "பாளி" என்று குறிக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவனாக நாம் அறிந்த அதே பெயருடைய வள்ளல், துறவிக்கு உறையுள் ஈந்தவனாக அங்கே காட்சியளிக்கிறான்.

யாருடைய பள்ளி?

பள்ளி என்பது சமணர்க்கும் பௌத்தர்க்கும் மட்டுமே உரிய சொல் என்று சிலர் எண்ணுவர். சங்க இலக்கியம் அவ்வாறு கூறவில்லை. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, மதுரை நகரத்துத் தெருக்களை வருணிக்குமிடத்தில் பௌத்தர் வழிபடும் இடத்தைக் கடவுட்பள்ளி என்கிறது. சில அடிகள் கடந்து, வேதம் ஓதுவார் உறையும் இடத்தை அந்தணர் பள்ளி என்கிறது. ஒரே நகரம், ஒரே புலவர், ஒரே சொல். சமயங்கள் மட்டும் வெவ்வேறு.

பிற்காலத்தில் சமயப் பூசல்கள் எழுந்தன என்பதை மறைத்தற்கில்லை. பல்லவ மன்னன் சமணத்தை விட்டுச் சைவம் சார்ந்தபின், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுத்தான் என்று பெரியபுராணம் பகர்கிறது. அக்கதையின் நடுநாயகரான திருநாவுக்கரசரே இளமையில் அப்பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் வாழ்ந்தவர். அங்கிருந்து வெளியேறி, துன்பம் பல பட்டு, சைவராகத் தமிழ்நாடெங்கும் நடந்தவர்.

அப்பெருமான் செய்த ஒன்று நம் உள்ளத்தைக் கவர்ந்தது. அடைவு திருத்தாண்டகம் என்னும் பதிகத்தில், ஊர்ப்பெயர்களின் இறுதியைக் கொண்டு சிவத்தலங்களை வகைப்படுத்தி அவர் பாடுகிறார். அதன் முதற்பாடலிலேயே "பள்ளி" என்று முடியும் தலங்களைத் தொகுத்து வணங்குகிறார். பள்ளியை விட்டு வந்தவர் பள்ளி என்னும் சொல்லை விட்டுவிடவில்லை. சமயம் மாறலாம், ஆனால் தாய்மொழியின் சொல்லை எந்தச் சமயத்திற்கும் ஒருவர் தாரை வார்த்துக் கொடுத்துவிட இயலாது என்பது இதனால் விளங்கும்.

நம்மில் பலர்க்குச் சொந்த ஊராகவோ இறங்கும் நிலையமாகவோ இருக்கும் திருச்சிராப்பள்ளியும் இவ்வகைப்பட்டதே. மலைக்கோட்டையின் குன்றில் துறவியரின் கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகே "சிரா" என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அத்துறவியின் பள்ளியே சிராப்பள்ளி என்பர் ஆய்வாளர் சிலர். திரிசிரன் என்னும் அரக்கன் வழிபட்ட தலம் என்பது புராண வழக்கு. சம்பந்தரும் அப்பரும் அத்தலத்தைச் சிராப்பள்ளி என்றே பாடினர். ஆங்கிலேயர் அதனை டிரிச்சினாப்பொலி ஆக்கினர். தென்னிந்திய இரயில்வேயின் தலைமையிடமாக இருந்த காலத்தில் அப்பெயரே பயணச்சீட்டில் அச்சாயிற்று. எத்தனை சமயங்கள், எத்தனை அரசுகள்! குன்றும் மாறவில்லை, பள்ளியும் மாறவில்லை.

அரசர்கள் கொடுத்த பள்ளிச்சந்தம்

சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் இச்சொல் பலவிடங்களில் வருகிறது. இதற்குச் சிறந்த சான்று ஆனைமங்கலச் செப்பேடுகள். கடல்கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியைக் கட்டினான். தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுத்த முதலாம் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், அப்பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். சிவபாதசேகரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட மன்னன், புத்தர் பள்ளிக்கு ஓர் ஊரையே கொடுத்தான்! அச்செப்பேடுகள் பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனவும் வழங்கலாயின.

சேரநாட்டுப் பக்கம் பார்ப்போம். 849ஆம் ஆண்டில் வேணாட்டுத் தலைவன் அய்யனடிகள், கொல்லத்தில் கிறித்தவ வணிகர் எழுப்பிய தேவாலயத்திற்குக் கொடை அளித்தான். அச்செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அத்தேவாலயத்தின் பெயர் தரிசாப்பள்ளி. இன்றும் மலையாளத்தில் கிறித்தவர் தேவாலயமும் இசுலாமியர் தொழுமிடமும் பள்ளி என்றே வழங்குகின்றன. எந்தப் பள்ளி என்று தெளிவாக்க வேண்டுமாயின் முன்னே ஓர் அடைமொழி சேர்ப்பர், அவ்வளவே.

பாண்டிநாட்டிலும் இவ்வழக்கு இருந்தது. இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலிலுள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டொன்று, கடற்கரைப் பட்டினமொன்றில் சோனகர் எனப்பட்ட முசுலிம் வணிகர்தம் "பிழார்ப்பள்ளி"க்கு நிலம் விட்ட செய்தியைக் கூறுகிறது. பள்ளிவாசலுக்குக் கொடுத்த கொடை பெருமாள் கோயிலின் கல்லில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. இன்று தமிழ் முசுலிம் அன்பர்கள் தொழச் செல்லும் பள்ளிவாசல் என்னும் பெயர் அரபியிலிருந்து வந்ததன்று. மாங்குளத்துக் குகையிலிருந்து வந்த அதே சொல்லே.

அரண்மனையும் ஆண்டவனும்

துயில் என்னும் பொருளிலும் இச்சொல் உலகியலிலிருந்து சமயத்திற்கும், சமயத்திலிருந்து உலகியலுக்கும் மாறி மாறிச் சென்றிருக்கிறது. அரசன் துயிலுமிடம் பள்ளியறை. விடியலில் அரசனைப் பாடித் துயிலெழுப்பும் வழக்கம் பழைமையானது. தொல்காப்பியம் அதனைத் துயிலெடைநிலை என்னும் துறையாகக் கூறுகிறது. அரசனுக்குரிய அச்சிறப்பைப் பத்தர்கள் இறைவனுக்கு உரியதாக்கினர். மாணிக்கவாசகர் சிவபெருமானுக்கும், தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்கும் திருப்பள்ளியெழுச்சி பாடினர். வேலூர்ப் பக்கத்தில் பாலாற்றங்கரையில், அரங்கநாதர் சயனித்த கோலத்தில் எழுந்தருளியுள்ள ஊருக்கே பள்ளிகொண்டா என்று பெயர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் இரவுதோறும் நடைபெறும் பள்ளியறைப் பூசையைக் கண்டவர் நம்மிடையே பலர் இருப்பர்.

இறைவனிடம் சென்ற சொல் அங்கேயே தங்கிவிட்டதா? இல்லை. நாடு அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தில் பாரதியார் "பாரத மாதா திருப்பள்ளியெழுச்சி" பாடினார். அரசனை எழுப்பிய பாட்டு ஆண்டவனை எழுப்பிற்று. ஆண்டவனை எழுப்பிய பாட்டு நாட்டை எழுப்பிற்று.

மீளாத் துயிலுக்கும் இச்சொல் உரியது. மறைந்த அரசர்க்கும் அரசியர்க்கும் நினைவாக எடுத்த கோயில் பள்ளிப்படை எனப்பட்டது. ஆற்றூரில் மறைந்த அரிஞ்சய சோழனுக்கு இராசராசன் மேற்பாடியில் எடுத்ததும், தன் சிற்றன்னையருள் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்கு இராசேந்திரன் பழையாறைப் பக்கத்தில் எடுத்ததும் அத்தகையன. ஈன்ற தாயல்லாத ஒருத்திக்குப் பேரரசன் ஒருவன் காட்டிய நன்றி அங்கே கல்லாய் நிற்கிறது.

பள்ளி பள்ளிக்கூடம் ஆனது

இனி, நம் பிள்ளைகள் எழுதிய பொருளுக்கு வருவோம். துறவியர் தங்கிய பள்ளியில் அவர்களை நாடி மாணவர் சென்றனர். தங்குமிடம் ஓதுமிடம் ஆயிற்று. கோவிற்பட்டியை அடுத்த கழுகுமலையில் தீர்த்தங்கரர் உருவங்களின் கீழுள்ள கல்வெட்டுகளில் குரவர், மாணாக்கர் பெயர்கள் காணப்படுகின்றன; பெண் ஆசிரியர்களைக் குறிக்கும் குரத்தியார் என்னும் சொல்லும் வருகிறது. வடார்க்காட்டுப் பகுதியில், விடால் என்னும் ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டொன்று கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையைப் பற்றிக் கூறுகிறது. அவர்க்கு 500 மாணாக்கியர் இருந்தனர். அவர்களுக்கும் வேறு 400 பெண் துறவியர்க்கும் பிணக்கு நேர்ந்தபோது, ஊரார் முன்வந்து குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் 500 பெண்கள் கூடிக் கற்ற பள்ளி ஒன்று இருந்தது. அதற்குச் சோறிட ஊர் ஒன்று இருந்தது. இச்செய்தியைப் படித்த நாள் நமக்கு மறவாது.

கல்வி பயிலும் இடம் என்னும் பொருள் சமண எல்லைக்குள் நிற்கவில்லை. திருமங்கையாழ்வார் திருவல்லிக்கேணிப் பதிகத்தில், இளம் பிரகலாதன் ஓதி வந்த இடத்தைப் பள்ளி என்றே குறிக்கிறார். வைணவ ஆழ்வாரின் வாக்கில் இச்சொல் இக்காலப் பொருளோடு நிற்பதைக் காண்க.

பிற்காலத்தில் பள்ளியோடு கூடம் சேர்ந்து பள்ளிக்கூடம் ஆயிற்று. பல ஊர்களில் கூடமும் இல்லை, திண்ணையே பள்ளிக்கூடம். மணலே பலகை, விரலே எழுதுகோல். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்க்குக் கற்பிப்பான். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறுவர்க்கான விடுதியொன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் விடுதியில் கைக்கொண்டு, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. நம் திண்ணை மணல் கடல் கடந்தது.

ஆனால் ஒன்றையும் மறத்தலாகாது. அத்திண்ணைகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் இருக்கவில்லை. சாதியின் பெயரால் தெருவிலேயே நிறுத்தப்பட்ட குழந்தைகள் பலர். பெண்குழந்தைகளுக்கு இடம் அரிதினும் அரிது. தங்க இடம் கொடுப்பதே பள்ளி என்னும் சொல்லின் உயிர். ஒருவனை வெளியே நிறுத்திய திண்ணை அப்பெயரைப் பூண்டதே தவிர, அதன் பொருளை முழுவதும் பெறவில்லை.

எல்லை கடந்த சொல்

நாம் ஊருக்குச் செல்லும் வழியையே எடுத்துக்கொள்வோம். ஹௌராவிலிருந்து சென்னை செல்லும் தடத்தில் ஆந்திரத்துள் நுழைந்தால் அனகாபள்ளி வரும். பின்னர்த் தாடேபள்ளிகூடம் வரும். தெலுங்கில் பல்லி, பல்லெ என்றால் சிற்றூர். கன்னடத்தில் சொல்லின் முதலிலுள்ள பகரம் ஹகரமாக மாறும். நம் பால் அவர்க்கு ஹாலு. நம் பத்து அவர்க்கு ஹத்து. அவ்வாறே நம் பள்ளி அவர்க்கு ஹள்ளி. பெங்களூர் நகரைச் சூழ்ந்து ஹள்ளி என்று முடியும் ஊர்கள் எத்தனையோ! கேரளத்துக் கருநாகப்பள்ளி, கார்த்திகப்பள்ளி போன்ற ஊர்ப்பெயர்கள் பழைய பௌத்தப் பள்ளிகளின் நினைவாக இருக்கலாம் என்று கருதுவாரும் உளர்.

வடமொழியிலும் பல்லீ என்னும் சொல் சிற்றூரைக் குறிக்கும். பரோவும் எமனோவும் 1961ஆம் ஆண்டில் முதற்கண் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளின் சொற்களை ஒருங்கே வைத்து, அவற்றோடு வடமொழிச் சொல்லையும் சேர்த்துக் காட்டுகிறது. அவ்வடமொழிச் சொல்லே வங்காளியில் வழங்குகிறது. ஆகவே, நம் சிறுவன் வாழும் தெருவின் பெயர்ப்பலகையில் இருப்பது அயற்சொல் அன்று. நமக்கு முன்னரே இவ்வூருக்கு வந்து குடியேறிவிட்ட நம் உறவினர் அது. நெடுங்காலம் வெளியூரில் வாழ்ந்தமையால் ளகரம் லகரமாகிவிட்டது, வேறொன்றுமில்லை. நம் குழந்தைகள் சிலர்க்கும் அவ்வாறே ஆகிவருவதை நாம் அறிவோம். சொல்லெழுதும் பயிற்சியில் "பல்லிக்கூடம்" என்று எழுதும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் இதனை எண்ணுதல் வேண்டும்.

நம் பள்ளி

இனி, தொடக்கத்தில் குறித்த வினாவிற்கு வருகிறோம். நம் சங்கத்தின் தமிழ் வகுப்பு ஓர் அன்பரின் குடியிருப்புத் தாழ்வாரத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் பாய்கள் போதவில்லை. இப்போது ஒரே பாயில் இடம் மிஞ்சுகிறது. தேர்வு, தனிவகுப்பு, தொலைவு என்று பெற்றோர் கூறும் காரணங்கள் பல. சென்ற பொதுக்குழுவில் இரண்டு கருத்துகள் எழுந்தன. சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் அமையும் வரையில் வகுப்பை நிறுத்தி வைக்கலாம் என்பது ஒன்று. காலனிக் கோயிலின் மண்டபத்திற்கு வகுப்பை மாற்றலாம் என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தால் கூறப்பட்டவையே. ஆனால் இரண்டாவது கருத்தைக் கேட்டபோது நம் உறுப்பினருள் இரு குடும்பத்தார் ஒன்றும் பேசாமல் தலைகுனிந்திருந்ததைக் கண்டோம். ஒரு குடும்பம் ஞாயிறு தேவாலயம் செல்வது. மற்றொன்று வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் செல்வது. அவர்கள் எதிர்ப்புக் கூறவில்லை. எதிர்ப்புக் கூறாமல் பிள்ளைகளை அனுப்பாது விடுவர்; அதுதான் நம் அச்சம்.

கோயில் மண்டபம் புனிதமானது, அதில் ஐயமில்லை. ஆயினும் தமிழ் வகுப்பு எல்லார்க்கும் தயக்கமின்றிக் கால்வைக்கக் கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். சமணத் துறவியின் குகையும், பௌத்தரின் விகாரமும், அந்தணரின் ஓதுமிடமும், கொல்லத்துத் தேவாலயமும், சோனகரின் தொழுமிடமும், அரங்கனின் அரவணையும் ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கிய ஒரு சொல் நம்மிடம் உள்ளது. அச்சொல்லைப் பெயராகக் கொண்ட இடம் அச்சொல்லைவிடக் குறுகியதாக இருக்கலாமா?

கட்டடம் வேண்டும் என்போர்க்கும் ஒன்று கூறுவோம். மாங்குளத்தில் கட்டடம் இல்லை. கல்லைச் சமன்செய்து ஒருவர் படுக்க இடம் செய்தனர், அது பள்ளியாயிற்று. திண்ணையில் ஒரு பிடி மணல் பரப்பினர், அதுவும் பள்ளியாயிற்று. கட்டடம் வந்தபின் பள்ளி வரும் என்பது நம் முன்னோர் கண்ட முறையன்று. தங்க இடமும், சோறிட ஊரும், சொல்லித்தர ஒருவரும் இருந்தால் பள்ளி எழும். கட்டடம் பின்னர் வரும்; வராமற்போனாலும் கல்வி நிற்காது. வகுப்பை ஓராண்டு நிறுத்தினால் அவ்வோராண்டில் எழுத்தறியாமற் போகும் குழந்தைக்கு எந்தக் கட்டடமும் ஈடாகாது.

ஆகவே நம் வேண்டுகோள் இது. தாழ்வாரம் உள்ள வீட்டினர் மாதத்திற்கு ஒருவராக முறைவைத்து இடம் தருதல் வேண்டும். ஒரு மாதம் ஒரு தெருவில், மறுமாதம் மறுதெருவில். காலனிக்கு வெளியே வாழ்வோர் வீட்டிலும் நடக்கட்டும். தேவாலயம் செல்வோர் திரும்பிவரும் நேரத்தை எண்ணி மாலையில் வைத்துக்கொள்வோம். மேல்வகுப்புப் பிள்ளைகள் சட்டாம்பிள்ளைகளாக இருந்து சிறுவர்க்கு எழுத்துச் சொல்லித் தரட்டும். விடால் ஊரார் 500 பேர்க்குச் சோறிட்டனர். நம் தாய்மார்கள் முறைவைத்து ஒரு தட்டுச் சுண்டல் தந்தால் போதும்.

அச்சிறுவனின் ஏட்டை மறுவாரமே கேட்டு வாங்கினோம். சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, "சரி" என்று எழுதி, முழு மதிப்பெண் இட்டோம். மற்றப் பிள்ளைகள் எழுதியதும் சரியே என்று வகுப்பில் விளக்கினோம். "அப்படியானால் எங்கள் தெருவில் வகுப்பு வைத்தால் அது இரண்டு பள்ளியா, மாமா?" என்று அவன் கேட்டான். வரும் மாதம் அவன் வீட்டுத் தாழ்வாரத்தில் வகுப்பை வைத்துக்கொள்ள அவன் பெற்றோர் மனமுவந்து இசைந்துள்ளனர். முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பாய் விரிக்கப்படும். அன்பர்கள் தம் பிள்ளைகளைத் தவறாது அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.